படத்தை வெட்டியது யார் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் அடைத்துவிட்டால் நாளிதழுக்குள் மடித்து வைத்த துண்டுப் பிரசுரங்கள் வர ஆரம்பித்துவிடும். சிலம்பம், சதுரங்கம், நீச்சல், அபாகஸ் என்று எப்போதும் வருகிறவைதான். சமீப காலமாக ‘குழந்தைகளுக்கான குறும்படப் பயிற்சி முகாம்’ என்பதும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. நான் கோடம்பாக்கத்தில் எடிட்டிங் அறைகளில் உதவியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான காரைக்குடிக்குத் திரும்பியவன். அது தெரிந்த தெருக்காரர்கள், “பையனைச் சேர்க்கலாமா, பொண்ணைச் சேர்க்கலாமா, எந்த முகாம் நல்லா இருக்கும்?” என்று கேட்கிறார்கள். வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னதைத் தங்கள் வாசகர்கள் எல்லோருக்கும் சொல்ல நினைத்து இதை எழுதுகிறேன்.

சேர்க்கலாம், தாராளமாகச் சேர்க்கலாம். பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: பிள்ளைகள் எடுத்த படத்தை வெட்டி ஒட்டப் போவது, அதாவது எடிட்டிங் செய்யப் போவது யார்?

ஏன் இந்தக் கேள்வி என்றால், ஒரு முகாமின் நிறைவு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம். திரையில் ஓடிய படம் கண்ணுக்கு நன்றாக இருந்தது. ட்ரோனில் இருந்து கண்மாய், நிறம் தீட்டிய வானம், மனதை உருக்கும் வயலின். ‘இயக்கம்’ என்று ஆறாம் வகுப்புக் குழந்தை ஒன்றின் பெயர் வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். முடிந்த பிறகு அந்தக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, “அந்தப் பாட்டி அழும்போது முகத்தைக் காட்டாமல் செருப்பைக் காட்டினாயே, நல்ல யோசனை, எப்படித் தோன்றியது?” என்று கேட்டேன். குழந்தை என்னைப் பார்க்கவில்லை, பயிற்சியாளரைப் பார்த்தது. விசாரித்தால், கதை பயிற்சியாளருடையது. கேமரா அவருடைய நண்பர். எடிட்டிங் வெளியூரில் ஓர் ஆபீசில் நடந்திருக்கிறது. பிள்ளைகள் நடித்தார்கள், நடுவில் வெயிலில் காத்திருந்தார்கள், கடைசியில் கேடயம் வாங்கினார்கள். பெற்றோர் ஆயிரக்கணக்கில் கட்டிய பணத்துக்கு அந்தக் குழந்தை கற்றுக்கொண்டது என்ன என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

படம் எடுப்பது என்றால் முடிவு எடுப்பது. எங்கே நிற்பது, எதைக் காட்டுவது, எதை விடுவது, எவ்வளவு நேரம் காட்டுவது. இந்த நான்கையும் பெரியவர்கள் எடுத்துக்கொண்டு பிள்ளைக்குப் பெயரை மட்டும் கொடுத்தால், அது பிள்ளையின் படம் ஆகாது. ஃபோகஸ் போகட்டும், கை ஆடட்டும், குறுக்கே நாய் ஓடட்டும். அவர்கள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

இந்த மே மாதம் நானும் நண்பர்கள் சிலரும் ஒரு சிறிய முகாம் நடத்திப் பார்த்தோம். கட்டணம் கிடையாது. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை பிள்ளைகள், வீடுகளில் கேட்டு வாங்கிய செல்போன்கள், யாரோ கொடுத்த பழைய மடிக்கணினி. அக்னி நட்சத்திரம் என்பதால் காலை பத்து மணிக்குள் வெளி வேலையை முடித்துவிடுவோம். அதற்கு மேல் பிள்ளைகளுக்கும் ஆகாது, போனுக்கும் ஆகாது. சூடு ஏறினால் போன் தானே கேமராவை நிறுத்திவிடும். வெயில் தாழ்ந்தால் மறுபடி வெளியே போவோம். நடுப்பகல் முழுக்க உள்ளே உட்கார்ந்து வெட்டுவதும் கேட்பதும்தான்.

முதல் நாள் காலையில் நான் கவனித்தது, போன்கள் எல்லாம் பையன்கள் கையில் இருந்தன. பெண் பிள்ளைகள் தாமாகவே நடிக்கப் போய் நின்றார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும் அப்படித்தான் நடந்தது. அன்றே சீட்டுக் குலுக்கும் வழக்கத்தைக் கொண்டு வந்தோம். கேமரா, ஒலி, நடிப்பு, வெட்டுவது, குறிப்பு எழுதுவது, எல்லாம் தினமும் சீட்டில் வருகிறபடி. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டில் போனைத் தொட்டாலே திட்டு விழும் என்று தயங்கினாள். அவளுக்குக் கேமரா சீட்டு வந்தபோது அவள் அம்மாவே நேரில் வந்து பார்த்தார், சற்று நேரம் நின்றார், ஒன்றும் சொல்லாமல் போனார். மறுநாள் மகளுடைய கையில் தன் போனையே கொடுத்து அனுப்பினார். முகாம் நடத்துகிற எல்லோரையும் இந்தச் சீட்டு முறையைக் கைக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். திறமை இருக்கிற பிள்ளை என்று ஒருவனையே கேமராவில் வைத்துவிட்டால் மற்றவர்களுக்குத் தங்கள் திறமை தெரிய வாய்ப்பே வராது.

இரண்டாவது, எண்ணிக்கை. ஒரு குழுவுக்கு 25 ஷாட்தான், ஒரு ஷாட் 10 விநாடிக்கு மேல் கூடாது, எடுத்ததை அழிக்கவும் கூடாது என்றோம். ஆரம்பத்தில் பிள்ளைகளுக்குக் கோபம். போனில்தான் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாமே, ஏன் சார் என்றார்கள். நான் வேலை பார்த்த காலத்தைச் சொன்னேன். 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படங்கள். விநாடிக்கு 24 பிரேம் ஓடும். ஒரு நிமிடத்துக்கு 90 அடி போய்விடும். 400 அடி டப்பாவை மாட்டினால் நாலரை நிமிடம்கூட வராது, அந்த ஒவ்வொரு அடிக்கும் காசு. அதனால் கேமரா ஓடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் பேசி, ஒத்திகை பார்த்து, விளக்கு மாற்றி, அப்புறம்தான் ‘ஸ்டார்ட்’ என்ற சொல் வரும். ஐந்தாம் வகுப்புப் பையன் அந்தக் கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்தான். பிறகு அவன் குழு ஒரு ஷாட்டுக்கு அரை மணி நேரம் சண்டை போட்டது. அந்தச் சண்டைதான் பாடம். அளவில்லாமல் எடுத்துக் குவித்தால் யோசிக்கிற வேலை எடிட்டிங் மேசைக்குத் தள்ளிப்போகும், அங்கே வந்து பார்த்தால் வேண்டியது மட்டும் இருக்காது.

ஒரு குழு எடுத்த படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் ஒரு பையனின் அப்பா ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை செய்கிறார். கல் என்று சொன்னாலும் அது சிமென்ட்டில் வார்க்கிற தரை ஓடு, செட்டிநாட்டு வீடுகளின் தரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடியில் ஒரு கண்ணாடி, அதன் மேல் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் அறைகளில் வண்ணச் சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அப்படியே தூக்கி எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டப்படுத்துவார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் காய்ந்த பிறகு கண்ணாடி தானாக விட்டுவிடும். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவதுதான்.

பையனுக்கு அப்பாவின் முகத்தைக் காட்ட வேண்டும். அவனோடு இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கை மட்டும் போதும். முகத்தைக் காட்டினால் பார்க்கிறவர்கள் முகத்தையே பார்ப்பார்கள், கல்லைப் பார்க்க மாட்டார்கள் என்பது அவள் வாதம். எங்களிடம் தீர்ப்புக் கேட்டு வந்தார்கள். நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை, இரண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், வெட்டும்போது தெரியும் என்றோம். வெட்டும்போது தெரிந்தது. கரைசல் ஊற்றுகிற கை, தூவுகிற கை, மட்டப்படுத்துகிற கை என்று போய், கண்ணாடி விட்டுக் கல்லின் பூ முதல்முறையாக வெளியே தெரிகிற இடத்தில், அப்பா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற முகத்தை வைத்தார்கள். படம் முழுக்க அந்த ஒரே இடத்தில்தான் முகம். அந்த முடிவை எடுத்தது அந்த இரண்டு பிள்ளைகள். கோடம்பாக்கத்தில் பெரிய பெரிய எடிட்டர்களின் மேசைக்குப் பக்கத்தில் நின்றவன் நான். அந்த வெட்டு எந்த மேசையிலும் நிற்கும்.

அதே படத்தில் இன்னொன்று. கரண்டியைத் தூக்குவதைத் தூரத்தில் ஒரு ஷாட், பக்கத்தில் ஒரு ஷாட் எடுத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்தால் ஒட்டிய இடத்தில் படம் துள்ளியது. நான் வாயைத் திறக்கவில்லை. பையன் மடிக்கணினியில் முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். வெகுநேரம் கழித்து, “சார், கை தூக்கி முடிச்சப்பறம் வெட்டுனா தெரியுது, பாதி தூக்கும்போது வெட்டுனா தெரியவே இல்ல” என்றான். இதை நாங்கள் ஃபிலிமில் கண்ணாடிப் பென்சிலால் கோடு போட்டு, வெட்டி, டேப் ஒட்டி, மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்துப் பார்த்துக் கற்றோம். என் குரு அதைச் சொல்லித் தரவில்லை, பார்த்துக் கற்கவிட்டார். இந்தப் பையன் தானே கண்டுபிடித்தான். அசைவின் நடுவில் வெட்டினால் கண் அசைவைத் தொடரும், வெட்டைப் பார்க்காது. இதை நான் முதல் நாளே பலகையில் எழுதிப் போட்டிருந்தால் அவன் நோட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பான்.

ஒலியைப் பற்றிப் பெரும்பாலான முகாம்கள் பேசுவதே இல்லை. ஒரு நாள் பிள்ளைகளைக் கண்ணை மூடி உட்காரவைத்து, கேட்கிற சத்தங்களை எழுதச் சொன்னோம். ஃபேன், காக்கா, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தூரத்தில் பஸ் ஹாரன், யாரோ அம்மியில் அரைப்பது. ஒரு குழந்தை ‘என் மூச்சு’ என்று எழுதியிருந்தது. படத்துக்கு எல்லோரும் பிரபலமான சினிமாப் பின்னணி இசையைப் போட ஆசைப்பட்டார்கள். அது இன்னொருவருடைய உழைப்பு, 1957 பதிப்புரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, கேட்காமல் எடுக்கக் கூடாது என்றோம். பிறகு தாங்களே செய்தார்கள். முறத்தில் அரிசியை மெல்லச் சரித்தால் மழை. கொட்டாங்கச்சி இரண்டைத் தரையில் தட்டினால் குதிரை. மிட்டாய்த் தாளைப் போனுக்குப் பக்கத்தில் கசக்கினால் நெருப்பு. சினிமாவில் இதற்கென்றே ஆட்கள் உண்டு, இப்படித்தான் செய்வார்கள் என்று சொன்னபோது பிள்ளைகள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எந்தக் கேடய விழாவிலும் பார்த்ததில்லை.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நூறு வருடத்துக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்பவர் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகம். அதே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடு, ஒரு சவப்பெட்டியோடு, ஒரு பெண்ணோடு மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்களுக்கு அந்த முகம் பசியாகவும் துக்கமாகவும் ஆசையாகவும் தெரிந்தது. இதை நாங்கள் ஒரு பிள்ளையின் அப்பத்தாவை வைத்துச் செய்தோம். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவின் முகம். முதலில் காலித் தட்டோடு ஒட்டினோம். “அப்பத்தாவுக்குப் பசிக்குது” என்றார்கள். பூட்டிய கதவோடு ஒட்டினோம். “மகன் ஊருக்குப் போயிட்டான், நெனச்சுக்கிட்டு இருக்காங்க” என்றார்கள். தெருவில் விளையாடும் பிள்ளைகளோடு ஒட்டினோம். “திட்டப் போறாங்க” என்றார்கள். அப்புறம் மூன்றிலும் முகம் ஒரே ஷாட்தான் என்று போட்டுக் காட்டியபோது அறையில் பெரிய கூச்சல். அது அடங்கியதும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: “சார், அப்ப வாட்ஸ்அப்ல ஒருத்தரு பேசுற மாதிரி வருதே, அதையும் இப்படி வெட்டி ஒட்டியிருப்பாங்களா?”

இந்தக் கேள்விக்காகத்தான் எல்லாப் பிள்ளைகளும் வாழ்க்கையில் ஒருமுறையாவது ஒரு படத்தைத் தங்கள் கையால் வெட்டிப் பார்க்க வேண்டும் என்கிறேன். இன்றைக்கு ஒரு குழந்தை எழுத்தைவிட அதிகமாக வீடியோவைப் பார்த்து வளர்கிறது. எழுதக் கற்றுத் தருகிறோம், அதனால் எழுதியதை நம்பலாமா கூடாதா என்று யோசிக்கிற பழக்கமும் கொஞ்சம் வருகிறது. வீடியோவைப் பார்க்க மட்டும்தான் விட்டிருக்கிறோம். விளம்பரம், செய்தி, ரீல்ஸ், தேர்தல் நேரத்து வீடியோ, எல்லாமே யாரோ உட்கார்ந்து எதையோ சேர்த்து எதையோ விட்டு வெட்டியவை. தானே ஒருமுறை வெட்டிய பிள்ளைக்கு விட்டுப்போனது என்ன என்று தேடுகிற கண் வந்துவிடும். டைரக்டர் ஆவது, நடிகர் ஆவது எல்லாம் ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இது எல்லாப் பிள்ளைக்கும் வேண்டியது. அதனாலேயே இது பணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடக் கூடாது.

செய்ய முடியாத காரியமும் இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா என்று மாதந்தோறும் படம் திரையிடும் திட்டம் இருக்கிறது. மிக நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறேன். பார்க்கிற பிள்ளை அடுத்து எடுக்க வேண்டும். கலை பண்பாட்டுத் துறையின் கீழ் ஜவகர் சிறுவர் மன்றங்கள் நடக்கின்றன. 5 வயது முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கே பாட்டு, பரதம், ஓவியம், கைவினை எல்லாம் சொல்லித் தருகிறார்கள், கோடையில் முகாமும் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் படம் எடுப்பதையும் வெட்டுவதையும் சேர்க்கலாம். கம்ப்யூட்டர் வேண்டுமே என்றால், அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் உள்ளன. மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை, அந்தக் கம்ப்யூட்டர்களுக்கும் விடுமுறைதான். கேடென்லைவ், ஷாட்கட் போன்ற மென்பொருள்கள் காசில்லாமல் கிடைக்கின்றன, மூன்று நிமிடப் படம் வெட்ட அவை தாராளம். சொல்லித் தர ஆள் வேண்டும் என்றால், என்னைப் போல் ஃபிலிம் காலத்தில் வேலை பார்த்து, வேலை கணினிக்கு மாறியபின் ஊருக்குத் திரும்பியவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். எடிட்டிங் உதவியாளர்கள், ஒலிப்பதிவு உதவியாளர்கள், லைட்மேன்கள். அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

எங்கள் ஊருக்கு இதில் கொஞ்சம் உரிமையும் உண்டு. ஏவி.எம். ஸ்டூடியோ கோடம்பாக்கம் போவதற்கு முன் 1940-களில் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில்தான் நடந்தது. கொட்டகை போட்டுப் படம் எடுத்தார்கள். அந்த வழியாகத் தினமும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. முகாமில் சொன்னபோதுதான் வாயைப் பிளந்தார்கள்.

தேசிய அளவிலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைகள் திரைப்படத்துக்கென்று 1955-இல் தொடங்கிய சிறுவர் திரைப்படச் சங்கம் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. அதன் சரி தப்புக்குள் நான் போகவில்லை. குழந்தைகளுக்காகப் படம் எடுப்பதற்கு என்றே இருந்த தனி வாசல் ஒன்று போன பிறகு, குழந்தைகளே எடுப்பதற்கு மாவட்டந்தோறும் சிறிய வாசல்களைத் திறப்பது இன்னும் அவசரமாகிறது என்பது மட்டும் என் எண்ணம்.

முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் படத்தை உடனே யூடியூபில் ஏற்றி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக் காட்டாதீர்கள். முகம் தெரிகிற குழந்தையின் படத்தை யார் யார் எடுத்து என்ன செய்வார்கள் என்று நம்மால் சொல்ல முடியாது. எண்ணிக்கை குறைந்தால் பிள்ளை தன் படம் மோசம் என்று நினைத்துவிடும். ஊர் மண்டபத்தில் வேட்டியைக் கட்டித் திரையிட்டு, பெற்றோரையும் படத்தில் வந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். படம் முடிந்ததும் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, “இதை ஏன் இங்கே வெட்டினாய்?” என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும். அவர்கள் பதில் சொல்ல வேண்டும். பரிசு, முதலிடம், இரண்டாமிடம் எதுவும் வேண்டாம்.

தாங்கள் ஒவ்வொரு கோடையிலும் முகாம்களைப் பற்றிய செய்திகளை வெளியிடுகிறீர்கள். அடுத்த கோடையில் குறும்பட முகாம்களைப் பற்றி எழுதும்போது, வெட்டியது யார் என்ற கேள்வியைத் தங்கள் நிருபர்களும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். கலை பண்பாட்டுத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் பேசி, வரும் ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிவதற்குள் மாவட்டத்துக்கு ஓர் இடத்திலாவது இதை அறிவித்தால், ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும். சிவகங்கை மாவட்டத்தில் எந்த நூலகமோ பள்ளியோ கூப்பிட்டாலும், பஸ் செலவு என்னுடையதாகவே இருக்கட்டும், நான் போகத் தயார். தங்கள் அலுவலகம் மூலம் எழுதினால் எனக்குக் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படத்தொகுப்பு உதவியாளர்,
காரைக்குடி.